பதினோராவது கட்டம்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதே. பதினேழு வருஷம் கழித்து எழுதுகிறவள் சும்மா நலம் விசாரிக்க எழுத மாட்டாள் என்று உனக்கே தெரியும்.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், நான் முதலில் செய்தது சுவரில் இருக்கும் கட்டங்களை எண்ணியதுதான். நம் பழைய வரைபடம் இன்னும் உன் அத்தானின் வேலை அறையில் ஜன்னலில் தொடங்கிக் கதவுவரை ஒட்டியபடியே இருக்கிறது. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் அதைப் பார்த்துப் புதிதாக ஒரு பிரதி வரைந்து கொடுக்க வேண்டும். எதற்கென்று பிறகு சொல்கிறேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன். நடுவில் வெள்ளையாக விட்ட இடம் வந்தது. அந்த மௌனம். அங்கே பதினொரு கட்டம் இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். பத்து.

உனக்கு அந்தப் பதினொன்று மறந்திருக்காது. கார் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நீங்கள் மூன்று பேரும் ஒரு முழு மழைக்காலத்தை அதற்காகத்தான் செலவழித்தீர்கள். ‘கிணற்றுக்குள் கடிகாரம்’, முப்பத்தெட்டு நிமிஷம், ஒரே பாட்டு. பேஸ் கிட்டார் நெட்டைக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, உனக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. நான் அப்போதுதான் நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். மிச்சம் விழுந்த கட்டத்தாள் சுருளைக் கொண்டுவந்து, தாளத்தில் ஒரு அடிக்கு ஒரு கட்டம் என்று முழுப் பாட்டையும் வரைந்து கொடுத்தேன். ஆர்கனுக்கு நீலம், உன் டிரம்ஸுக்குச் சிவப்பு, நெட்டைக்குப் பச்சை. அன்றிலிருந்து நம் ஆட்கள் யாரும் ‘அடி’ என்று சொன்னதில்லை, ‘கட்டம்’ என்றுதான் சொன்னார்கள். ஏழு கட்டம், ஏழரைக் கட்டம், பதிமூன்று கட்டம். நாலு கட்டத்தில் நிம்மதியாகப் போகும் பாட்டென்றால் அத்தானுக்கு வேப்பங்காய். அதனால்தானே நீங்கள் அவருக்கு ‘ஏழரை’ என்று பேர் வைத்தீர்கள்.

புரோகிரசிவ் ராக் என்று அவர் அப்பாவுக்கு விளக்கியபோது அப்பா கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. “மாப்பிள்ளை, நான் குளிக்கப் போகும்போது ஆரம்பிச்சீங்க. குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்துட்டேன். இன்னும் அதே பாட்டா?” என்றார். வானொலிக்காரர்கள் அதைவிட மரியாதையாக, மூன்று நிமிஷத்துக்குள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். ஆனாலும் திறந்த மைதானத்தில் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து கேட்டார்களே. அந்தப் பதினொரு கட்டமும் ஐயாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். எல்லா வாத்தியமும் நிற்கும். அவர் ஆர்கனிலிருந்து எழுந்து, மேடையின் நடுவே நடந்து, அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாவது கீபோர்டுக்குப் போய் உட்காருவார். பன்னிரண்டாவது கட்டத்தில் மூன்று பேரும் ஒன்றாக அடிப்பீர்கள். யாரும் யாருக்கும் தலைகூட அசைக்க மாட்டீர்கள். எப்படித்தான் சேர்ந்தீர்களோ.

நீ போன பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் நெட்டை போனான். பிறகு வந்த டிரம்மர்கள் மூன்று பேர், பேஸ் இரண்டு பேர். ஒவ்வொருவரும் போனதற்குக் காரணம் ஒன்றேதான். “நீ ஒரு கட்டத்த முழுங்கிட்ட” என்று அவர் சொல்வார், அவர்கள் இல்லை என்பார்கள். கடைசியில் யாரும் மிஞ்சவில்லை. ஊருக்கும் ரசனை மாறிவிட்டது. வீட்டில் கீபோர்டு வகுப்பு எடுத்தார். விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டார். முப்பத்தெட்டு நிமிஷக்காரர் சோப்புக்கு ஏழு நொடியில் ஒரு மெட்டுப் போட்டார், பார்த்துக்கொள். அதிலும் ஒரு கட்டம் கூடுதலாக வைத்துவிட்டு, “கேக்கறவனுக்குச் சோப்பு கை நழுவின மாதிரி இருக்கும்” என்று தானே சிரித்துக்கொண்டார்.

போன வருஷம் நிலைமை திரும்பியது. நாம் வெளியிட்ட இரண்டு ரெக்கார்டையும் எங்கெங்கோ இருக்கும் இளவட்டங்கள் இணையத்தில் கண்டுபிடித்து, தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒரு ஏற்பாட்டாளர் வீடு தேடி வந்தார். வருகிற சனிக்கிழமை, பெரிய அரங்கத்தில், முழுப் பாட்டும். நெட்டை திரும்பி வந்திருக்கிறான், தலை முழுக்க நரைத்து, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு. உன் இடத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள். தெரு முழுக்க போஸ்டர்.

அந்தப் போஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ரெக்கார்டின் அட்டையில் இருக்கும் அதே படம். கண் எங்கேயோ நிலைத்திருக்கும், வலது கை ஆர்கன் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும், இடது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்திருக்கும். அவருக்குள் இசை இறங்கும் நொடி என்று பத்திரிகையில் எழுதினார்களே, அதுதான். இப்போது பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். அலுவலகம் போகும் வழியில் பதினாலு இடத்தில் அது என்னைப் பார்க்கிறது. பார்க்கிறது என்று சொல்வதே தப்பு. அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டிலும் அவர் அப்படித்தான் நிற்பார், உனக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மேசையில் கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். நீதான் முதலில் சொன்னாய், “அத்தான் கச்சேரிக்குப் போயிட்டாரு, இப்ப வந்துடுவாரு” என்று. அது நம் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஓரிரு நொடியில் திரும்பி வருவார், நாம் சிரிப்போம், அவரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரிப்பார். எதற்கென்று தெரியாமல். அதை நான் இருபத்தைந்து வருஷமாகக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அடுப்பில் பால் பொங்கி வழிய, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து அணைத்தபோது, பொங்கவே இல்லையே என்றார். கையில் பொத்தான். அதன் பிறகுதான் அவரிடம் சொல்லாமல் நரம்பு டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த நேரத்தில் கை எதையாவது தடவுமா, பிசையுமா என்று. தம்பி, கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சட்டைகளில் நான் தைத்ததெல்லாம் இரண்டாவது பொத்தான்தான். மற்றது எதுவும் அறுந்ததில்லை. மலிவான நூல் என்று தையற்காரரைத் திட்டியிருக்கிறேன்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதறுவது மட்டும் இல்லையம்மா என்றார் டாக்டர். விளக்கு ஒரு நொடி அணைந்து எரிகிற மாதிரி உள்ளே அணைந்து எரியும், அவருக்கே தெரியாது, அந்த நொடி அவர் கணக்கில் இருக்காது என்றார். இத்தனை வருஷம் குறுகியதாக இருந்தது இப்போது நீள்கிறது என்றால் ஒருநாள் பெரிதாக வரலாம். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், மாத்திரையில் அடங்கக்கூடியதுதான். அதுவரை கார் ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, ஓடுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அந்த நொடி அவர் கணக்கில் இருக்காது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டத்தை முழுங்கியது யார் என்று எனக்கு அப்போது விளங்கியது. எல்லோரும் பதினொன்று எண்ணும் நேரத்தில் அவருக்குள் பத்துதான் ஓடியிருக்கிறது. எல்லோரும் பன்னிரண்டில் அடித்தபோது அவருக்கு அது பதினொன்று. சீக்கிரம் அடித்துவிட்டார்கள் என்று அவர் சத்தியமாகவே நம்பியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அவரிடம் எடுத்துச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “மாத்திர போட்டா கை தூங்கிடும். அங்க போயிட்டு வரும்போது நான் வெறுங்கையோட வரதில்ல, தெரியுமா. இந்த ஒரு கச்சேரி முடியட்டும்” என்றார். அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் எழுதிய நல்லதெல்லாம் அந்த இடத்திலிருந்து வந்ததா, அதை மூடிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று நானும் யோசித்தேன். ஒரு வாரம் யோசித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னுடைய பழைய வழக்கம் அது.

இப்போது அந்தக் கடிகார ஊசலைப் பற்றி. நாம் தெர்மாகோலில் செய்து வெள்ளித்தாள் ஒட்டினோமே, அந்த மௌனத்தில் அவருக்குப் பின்னால் ஆடுமே. ஒருமுறை தலையில் பட்டு உடைந்து, கூட்டமே சிரித்து, நெட்டை வாசிக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டானே. ஏற்பாட்டாளருக்கு அதைப் பெரிதாகச் செய்ய ஆசை. இரும்பில் செய்திருக்கிறார்கள். இரண்டு ஆள் எடை. கூரையிலிருந்து தொங்குகிறது, மோட்டாரில் ஆடும். பின்னால் இல்லை, அவர் நடக்கும் பாதையின் குறுக்கே. முதல் கட்டத்தில் விடுவார்கள், எட்டாவது கட்டத்தில் அது மேடை நடுவைக் கடக்கும். அவர் ஆறாவதிலேயே நடுவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் அது போகும், கூட்டம் அலறும். இது ஏற்பாட்டாளரின் கணக்கு. ஊசலுக்கு நேரம் குறிக்கத்தான் என் வரைபடத்தின் பிரதியை வியாழக்கிழமை கேட்டிருக்கிறார்கள். அதன்படி மோட்டாரை அமைத்து, வெள்ளிக்கிழமை காலை ஒத்திகையில் முதல் தடவையாக ஆட்டிப் பார்ப்பார்கள்.

நேற்று மோட்டார் இல்லாமல் ஒத்திகை. ஊசல் சும்மா ஓரமாகக் கட்டிக் கிடந்தது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எழுந்தார், நடந்தார். ஐந்தாவது கட்டத்தில், சரியாக மேடை நடுவில், நின்றார். கை பொத்தானுக்குப் போனது. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதில்தான் அடுத்த காலை எடுத்து வைத்தார். ஏற்பாட்டாளர் எழுந்து நின்று கைதட்டினார். “சூப்பர் சார்! அந்த நிக்கிறது அப்படியே இருக்கட்டும், ஜனம் மூச்சு விடாது” என்றார்.

அந்தப் பெண் பன்னிரண்டில் சரியாக அடித்தாள். அவர் தாமதமாகப் போய் உட்கார்ந்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏம்மா, கட்டத்த முழுங்கறியா, பசிக்குதா என்றார். நெட்டை தரையைப் பார்த்தான். அவள் “சாரி சார், என் தப்பு” என்றாள். அவள்மேல் தப்பே இல்லை. டீ குடிக்கும் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்று, கோப்பையை ஊதிக்கொண்டே, “அக்கா, சார் நடுவுல எங்கயோ போயிட்டு வராரு. நாலு நாளா பாக்கறேன். உங்களுக்குத் தெரியும்தான?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஏற்பாட்டாளர் கூப்பிட்டுவிட்டார். அவளை எடுத்துவிட்டு எந்திரத் தாளத்தை வைத்துக்கொள்ளலாமா என்று நெட்டையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதற்கு அவளுக்குக் கிடைத்தது இது. நீ ஒப்புக்கொள்ள மறுத்தாய், உனக்கும் அதேதான் கிடைத்தது.

அலுவலகத்துக்கு நேரமாகிறது. அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். மதியம் தொடர்கிறேன்.

*

மதியம்

இந்த இடைவெளியில் இரண்டு விஷயம் நடந்துவிட்டது.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது கார் வாசலில் கோணலாக நின்றது. இடது பக்கக் கண்ணாடி இல்லை. கதவில் நீளமாக ஒரு கீறல், பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டால், லாரிக்காரன் உரசிட்டுப் போயிட்டான், நான் நேராத்தான் போனேன் என்றார். நம்பித்தான் சொன்னார். பக்கத்தில் யாராவது நடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் மனத்துக்குள்கூட முடிக்கவில்லை. சாவியை எடுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். சாவி எங்கே என்று வீடு முழுக்கத் தேடினார். பார்க்கவில்லையே என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன இரண்டாவது பெரிய பொய். முதலாவதைவிட நல்ல பொய்.

அடுத்தது, அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கூட்டைத் திறந்தேன். துடைக்கும் துணிக்கு அடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. நாலு பக்கமும் பிளேடால் நேர்த்தியாக வெட்டியது. ஓரத்தில் என் பழைய நீலக் கோடு. தம்பி, அந்தப் பதினோராவது கட்டம் அது. சுவரில் வெட்டி, மிச்சத்தை இழுத்துச் சேர்த்து ஒட்டியிருக்கிறார். என் கண்ணுக்கே இன்று காலைதான் தெரிந்தது.

ஏன் வெட்டினார்? மற்றவர்கள் பன்னிரண்டில் அடிக்கும்போது அவர் கணக்கில் ஒன்று குறைகிறது. அதனால் பத்து எண்ணியதும் அடிக்கப் பழகிக்கொள்கிறார். அப்படியானால் அவருக்குத் தெரியும். தப்பு தன்னுடையது என்று எப்போதோ தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறார். என்னிடம் சிரித்ததும் கோபப்பட்டதும் அந்தப் பெண்ணைக் கேலி செய்ததும் அதை மூடி மறைக்கத்தான். பிளேடைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் அவர் மட்டும் நின்றிருக்கும் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெட்டியதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்.

ஆனால் உள்ளே அணைகிற விளக்கு கட்டம் பார்த்தா அணையும்? ஒருநாள் அணையாது, ஒருநாள் ஒரு கட்டம், நேற்று நாலு கட்டம். பிளேடால் சரிசெய்ய முடிகிற விஷயமா அது. அதுவும் இரும்பு குறுக்கே வரும் இடத்தில்.

இனி உனக்குத் தர வேண்டியதைத் தருகிறேன். இதற்காகத்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். உன்னோடு இருக்கும் அம்மாவின் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள். நேரே உன்னைக் கூப்பிட்டால் நான் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிடுவாய், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

அந்தக் கடைசிக் கச்சேரியில், மேடைக்குப் பின்னால், வயர் எல்லாம் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் உன் சட்டையைப் பிடித்தார். நீ பதினொன்றும் முழுதாக விட்டேன் என்றாய். அவர் இல்லை என்றார். ஒலிப்பதிவைப் போட்டுப் பாருங்கள் என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, “இவளைக் கேளு. வரைபடம் இவ கையிலதான இருந்துச்சு. நீயே சொல்லு, மச்சான் முழுங்கினானா இல்லையா?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நான் சொன்னேன், நான் கவனிக்கலை என்று.

கவனித்தேன், தம்பி. விரல் பதினோராவது கட்டத்தில் இருந்தது. நீ அடித்தபோது விரல் சரியாகப் பன்னிரண்டுக்கு நகர்ந்தது. ஆர்கன் அதற்குப் பிறகுதான் வந்தது. புருஷனா தம்பியா என்று என்னைக் கேட்பதாக எனக்குத் தோன்றியது. யாரையும் விட்டுக்கொடுக்காத மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் போனாய். அவர் நோயும் அன்றைக்கே என் விரல் நுனியில் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் பதினேழு வருஷத்துக்கு முன்பே யாராவது ஒரு டாக்டர் அந்தப் பொத்தானைப் பற்றிக் கேட்டிருப்பார். உன்னை மட்டும் இழக்கவில்லை நான்.

அந்த ஒலிப்பதிவை மறுநாளே ஒலிக்காரரிடமிருந்து வாங்கிவிட்டேன். இவ்வளவு வருஷமும் பொத்தான் டப்பாவின் அடியில்தான் கிடந்தது. போட்டுக் கேட்டதில்லை, தெரிந்ததைக் கேட்டு என்ன. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கேட்டேன். கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே கேட்டேன். நீ ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். உன்னுடையது அது.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று அந்தப் பெண்ணைக் கேலி செய்த பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, ஆர்கன் மூடியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “மச்சான் இருந்தா இப்படி ஆகாது. நான் எங்க போனாலும் அவன் அங்கயே நிப்பான்.” உன் பேரை இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா.

அஞ்சலகத்தில் கேட்டேன், விரைவு அஞ்சலில் வியாழக்கிழமை உன் கையில் இருக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. அங்கிருந்து இரவு வண்டி பிடித்தால் வந்துவிடலாம். வாசிக்க வா என்று கூப்பிடவில்லை. மன்னித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை. வந்து அவர் பக்கத்தில் நில், அது போதும். வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்த ஒரு வரியை இரண்டு முறை படி.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை அவரிடமோ நெட்டையிடமோ அந்தப் பெண்ணிடமோ அம்மாவிடமோ சொல்லவில்லை. எழுதும்போதுதான் எனக்கே அது நிச்சயமாகிறது. ஊசல்காரர்களுக்குப் பிரதி வரைந்து கொடுக்கப் போவதில்லை. வியாழக்கிழமை அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அந்த வெள்ளைக் கட்டத்தை எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவிடுவேன். ஒட்டியது தெரியும்படியே ஒட்டுவேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகும் அவர் ஒத்திகைக்குக் கிளம்பினால் நானும் கூடவே போவேன். என் வரைபடம் இல்லாமலும் அவர்கள் கண்ணளவில் மோட்டாரைப் போட்டுப் பார்க்கக் கூடியவர்கள்தான். போடுவதற்கு முன் நான் மேடை ஏறி, அவர் ஐந்தாவது கட்டத்தில் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொள்வேன். நான் நிற்கும்வரை யாரும் எதையும் ஆட்ட முடியாது. அங்கே நின்று, அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி, அவர் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன். வரைபடம் என் கையிலதான் இருந்துச்சு, நான் பாத்துட்டுதான் இருந்தேன், என் தம்பி சரியாத்தான் அடிச்சான் என்று.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவாரா, நான் எந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்று தெரியவில்லை. அவர் உயிரோடு கோபப்பட்டால் எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே. அவளுடைய மாத்திரையை நேரத்துக்குக் கொடு. உன் கைகளைப் பத்திரமாக வைத்துக்கொள், தம்பி. நீ தொட்டதெல்லாம் சரியான நேரத்தில் விழட்டும்.

உன் அக்கா